எட்டு வாரம் என்றால் எத்தனை வாரம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். ஆறு பேர்தானா என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். என்னை எழுதச் சொல்லி வந்த கடிதத்தில் "ஐந்தாறு பேர்" என்று போட்டிருந்தார்கள். ஐந்தாறு என்பது ஓர் எண்ணே அல்ல. அந்த ஒரு சொல்லுக்காக எழுத மறுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "வீட்ல சும்மா ஃபேன் சுத்துறதை எண்ணிட்டு உக்காந்திருக்கறதுக்கு எழுதினா என்ன?" என்று மனைவி கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. சேக்காட்டில் என் வீட்டு மாடிக்குப் பத்தொன்பது படி. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஏழு வேகத்தடை. அதில் இரண்டுக்கு வெள்ளைக்கோடு இல்லை. அது குறித்து நான் கொடுத்த மனுக்கள் நான்கு. வேலை பார்த்த முப்பத்தொரு வருடமும் இந்தப் பழக்கத்தை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மீட்டர்' என்று கூப்பிட்டார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்தவர்கள் ஒன்பது பேர்.

இந்த மீட்டர் ஒரு முறை தப்பாக ஓடியதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நன்றாக ஓடிய நாட்களைப் பற்றி எழுதினால் நீங்களும் படிக்க மாட்டீர்கள், எனக்கும் அவ்வளவாக நினைவில் இல்லை.

நீங்கள் எல்லோரும் படித்து வந்தவர்கள். வெள்ளைக்கழிச்சலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் என் தப்பு அந்தப் பாடத்துக்குள்தான் இருக்கிறது என்பதால் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் ராணிக்கெட் என்று எழுதப்படும் இந்தக் கோழி நோய் ஒரே வைரஸால் வருவது. அந்த வைரஸில் சாதுவும் உண்டு, கொலைகாரனும் உண்டு. சாது வந்தால் கோழி நாலு நாள் தும்மும். கொலைகாரன் வந்தால் காலையில் செத்ததைப் பொறுக்கத் தொடங்கியவர் மாலைவரை பொறுக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தில், அதிலும் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. அந்தப் புரதம் முழுதாக இருக்கும்வரை வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. கோழியின் உடம்பிலேயே உள்ள ஒரு நொதி அதை அந்த இடத்தில் வெட்டிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஊறுகாய் பாக்கெட் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெட்டு விட்டிருந்தால் ரயிலிலும் பிய்க்கலாம், நின்றுகொண்டும் பிய்க்கலாம். வெட்டு இல்லாவிட்டால் கத்தரிக்கோல் இருக்கும் இடத்துக்குத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாது வைரஸுக்கு ஏற்ற கத்தரிக்கோல் கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும்தான் உண்டு. கொலைகாரனிடம் அந்த இடத்தில் அர்ஜினின், லைசின் என்னும் அமினோ அமிலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் பாக்கெட்டின் வெட்டு. மூளை, கல்லீரல், இதயம் என்று எங்கே போனாலும் பிய்ந்து திறந்துகொள்ளும்.

ஆகவே அந்த இடத்தில் அவை எத்தனை என்று எண்ண வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கொடிய வகை. எண்ண வேண்டும் என்று சொன்னதும் ஆய்வகத்தில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வேப்பம்பட்டில் நாட்டுக்கோழி வளர்த்துவந்த சுபைதா அம்மாவை எனக்குத் தொலைபேசி வழியாகத் தெரியும். பூவிருந்தவல்லிக்காரர். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் மற்றவர்கள் தையல் கடையோடு இருக்க, இவர் மட்டும் வேப்பம்பட்டில் இருந்த மனையில் கொட்டகை போட்டுக் கோழியோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு கொட்டகையில் அறுபத்துநான்கு தாய்க்கோழிகள். நன்றாக அடை காப்பது, குஞ்சை மிதிக்காதது, பருந்தைக் கண்டால் குரல் கொடுப்பது என்று ஒன்பது வருடமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவை. காசு கொடுத்தால் கிடைக்கும் சரக்கு அல்ல. இன்னொரு கொட்டகையில் இருநூற்றுப் பத்துக் குஞ்சுகள்.

ஜனவரி முதல் வாரத்தில் அவர் கூப்பிட்டார்.

"டாக்டர் சார், இந்த செட்டு குஞ்சுங்களுக்கு ரெக்கையில போடற ஊசி போட்டுறலாமா? தனபாலு இந்தப் பக்கம் வந்துகினு கீறாரு."

தனபால் என்பவர் திருநின்றவூர், வேப்பம்பட்டு வட்டாரத்தில் பின்சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போய்த் தடுப்பூசி போடுபவர்.

"எத்தனை வாரம் ஆகிறது?" என்று கேட்டேன்.

"எட்டு வாரம் சார்."

"அப்படியானால் போடுங்கள்."

நாற்பத்திரண்டு விநாடி பேசியதாகக் கைபேசி காட்டியது. சுருக்கமாகப் பேசுபவர்கள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

பத்து நாள் கழித்து அவரே அம்பத்தூரில் இருக்கும் ஆய்வகத்துக்கு வந்தார். ஒரு பையில் செத்த குஞ்சுகள் மூன்று, கையில் ஒரு நோட்டு. குஞ்சுகள் கால் இழுத்துக்கொண்டு விழுகின்றன, சிலவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொள்கிறது, அதுவரை பதினான்கு செத்துவிட்டன என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தேதி வாரியாகக் கட்டம் போட்டு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை சாவு என்று எழுதியிருந்தார். முதல் கட்டத்தின் தலைப்பு 'அடை வச்சது'. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "நீங்களும் என்னைப் போலத்தான் அம்மா" என்று பாராட்டினேன். அவர் பையை என் பக்கம் நகர்த்தினார். பாராட்டு கேட்க வந்தவர் இல்லையே.

குஞ்சுகளை அறுத்துப் பார்த்தேன். படிவத்தில் பதினான்கு கட்டம் உண்டு, பதினான்கையும் நிரப்பினேன். மூளையிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸின் மரபெழுத்தைப் படித்துச் சொல்லும் பிரிவுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு முடிவு திரையில் வந்தது. வெட்டுமிடத்தில் ஆர், ஆர், க்யூ, ஆர், ஆர், எஃப் என்று ஆறு எழுத்து. ஆர் என்றால் அர்ஜினின். பென்சில் நுனியை வைத்து மூன்று முறை எண்ணினேன். நான்கு. கடைசியில் வரும் எஃப்கூடக் கொடிய வகைக்கு உரியதே.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்தொன்பது வருட வேலையில் பாடப்புத்தகத்தில் போட்டதுபோல அவ்வளவு தெளிவான நான்கை நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு அவருக்குத் தொலைபேசி செய்தேன்.

"அம்மா, இது கொடிய வகை. நான்கு இருக்கிறது."

"இன்னா நாலு சார்? இங்க முப்பத்தொண்ணு செத்துப்போச்சு."

"அது இல்லை. வைரஸில் நான்கு. மொத்தக் கோழியையும் அழித்துவிடுங்கள். இன்றைக்கே. யாருக்கும் கொடுக்கக் கூடாது. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். சுற்றி வேறு பண்ணைகள் இருக்கின்றன."



"தாய்ங்களயுமா சார்? அதுங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள்."

இந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கே என்மீது ஒரு மதிப்பு வந்தது. எவ்வளவு கூர்மையான பதில் பாருங்கள். அறுபத்துநான்கு தாய்க்கோழிகளும் பத்தடி தள்ளி அதே காற்றை மூச்சு விட்டுக்கொண்டு, அதே ஆள் வைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இரண்டு வாரமாகக் கொழுக்மொழுக்கென்று இருக்கின்றன. அந்த அம்மா என் கையில் விடையையே கொடுத்தார். நான் அதை வாங்கிப் பார்க்காமல் ஒரு வசனம் பேசினேன்.

"கொஞ்ச நாளு தள்ளி வச்சுப் பாக்கலாமா சார்? தாய்ங்கள மட்டும்?"

"வேண்டாம் அம்மா. நான்கு."

"சரி சார்" என்றார்.

எங்கள் பிரிவுத் தலைவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. நாமக்கல்லிலிருந்து வந்தவர். என்னைவிடப் பதினொரு வயது இளையவர், எனக்கு மேலதிகாரி. இந்த இரண்டும் சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததை மறைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். நின்றபடியே என் நான்கைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டார்.

"ஏனுங்க சார், ஊசி போட்ட குஞ்சுங்களா?"

"ஆமாம். எட்டு வாரத்து ஊசி. போட்டுப் பத்து நாளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்."

"அந்த ஊசி மருந்துக்குள்ள இருக்குற வைரஸுக்கு வெட்டுற எடத்துல எத்தனைங்க?"

எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தத் தடுப்பூசி பாதி மட்டும் அடக்கப்பட்ட வைரஸால் ஆனது. அதன் மேற்புரதத்தில் கொலைகாரனின் வெட்டு அப்படியே இருக்கும். உடம்பு தேறிய, முன்பே சாது வைரஸால் ஆன மருந்தை வாங்கிய கோழி அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதால்தான் எட்டு வாரம்வரை காத்திருந்து போடுகிறோம். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

"நாலு" என்றேன்.

"அப்ப நீங்க எண்ணுனது சரிதானுங்க. யாரோட நாலுன்னு பாத்தீங்களா?"

டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பினார். வெட்டுமிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை ஊசி வைரஸின் எழுத்துகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். வெளியில் திரியும் வைரஸாக இருந்தால் அங்கங்கே மாறியிருக்கும். இங்கே முன்னூற்று எழுபத்திரண்டு எழுத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் அந்த வரிசையில் ஆறு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை விட்டவன்.

அப்போதும் நான் விடவில்லை. தோற்கும்போது கடைசிச் சுவரில் சாய்ந்துகொண்டு வாதாடுவது என் வழக்கம். "சரி, ஊசி வைரஸாகவே இருக்கட்டும். எட்டு வாரக் குஞ்சை அது கொல்லாதே?"

"குஞ்சு என்ன எடைங்க?"

படிவத்தைப் பார்த்தேன். இருநூற்று முப்பது கிராம், இருநூற்று நாற்பத்தைந்து, இருநூற்று இருபத்தைந்து. என் கையெழுத்து. அழகான கையெழுத்து.

"நாட்டுக்கோழி எட்டு வாரத்துல இத்தனூண்டாங்க? எங்கூர்ல அஞ்சு வாரக் குஞ்சே இந்த எடை வந்துருங்க."

ஐந்து வாரம் என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த நோட்டு கண்ணில் வந்து நின்றது. முதல் கட்டம். 'அடை வச்சது'. முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்த தேதி. பொரிந்த தேதிக்கு அதில் கட்டமே இல்லை. அடை வைத்துப் பொரிய மூன்று வாரம். எட்டில் மூன்று போனால் ஐந்து. நான் கேட்டது குஞ்சின் வயது. அவர் சொன்னது முட்டையின் வயது. இருவரும் சரியாகத்தான் எண்ணினோம். எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்று கேட்க வேண்டியவன் நான். நாற்பத்திரண்டு விநாடியில் அதற்கு மூன்று விநாடி போதும்.

"காலையிலயே அவங்களுக்குச் சொல்லிப்போட்டீங்களா?" என்று தலைவி கேட்டார்.

"மொத்தத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது. "போன் போடுங்க" என்றார். போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு முறை. தனபாலின் எண் என்னிடம் இல்லை. கட்டம் கட்டமாக எல்லாம் எழுதி வைப்பவனிடம் ஊசி போட்டவரின் எண் இல்லை.

"கெளம்புங்க சார். எடுத்தாங்கன்னா நான் பேசிக்கறேன். நீங்க நேர்ல போங்க."

அம்பத்தூர் நிலையத்தில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினேன். வேப்பம்பட்டு அங்கிருந்து எட்டாவது நிலையம் என்பது தெரியும். ஆனால் வண்டியின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அது ஆவடியோடு நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் இதே தடத்தில் போய்வந்தவன் ஆவடி நடைமேடையில் அடுத்த வண்டிக்காக இருபத்திரண்டு நிமிடம் நின்றேன்.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சுபைதா அம்மாவிடம் சொல்ல மூன்று விதமான பேச்சைத் தயாரித்தேன். முதலாவதில், 'ஆய்வகத்தில் மறுபரிசோதனை நடந்தது, புதிய முடிவு வந்திருக்கிறது' என்று வரும். யாருக்கும் தப்பில்லை, அறிவியல் முன்னேறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவதில், 'ஊசி போட்டவர் குஞ்சின் அளவைப் பார்த்திருக்க வேண்டும்' என்று வரும். மூன்றாவதில், மிகவும் தாழ்மையாக, 'நீங்கள் வயது சொன்னதில் ஒரு சிறு குழப்பம்' என்று வரும். மூன்றும் நல்ல வாக்கியங்கள். மூன்றிலும் நான் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை என்பதைத் திருநின்றவூர் தாண்டும்போதுதான் கவனித்தேன்.

இளையவர்களே, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் நிறையச் சொல்வார்கள். நெருக்கடியில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள். கோழியைப் பற்றி ஒரு நிமிடம்கூட அது யோசிக்கவில்லை.

வேப்பம்பட்டில் ஆட்டோவில் ஏறி இடம் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"பாயம்மா கோழிக் கொட்டாயா? அங்க எல்லாத்தையும் கொன்னுகினு கீறாங்கோ சார். அம்பத்தூர்ல எவனோ ஒரு டாக்டரு போன்லயே சொல்ட்டானாம்."

"கொஞ்சம் வேகமாகப் போங்கள்."

"நீங்க இன்னா, கறி வாங்கவா? உடமாட்டாங்கோ. பொதைக்கிறாங்கோ."

"நான்தான் அந்த டாக்டர்."

ஆட்டோ அதன்பிறகு நன்றாக வேகமெடுத்தது.

கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவு குழி. பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை. தனபால் குழியோரம் நின்றிருந்தார். ஒரு கையில் பழுப்பு நிறத் தாய்க்கோழி, இன்னொரு கை அதன் கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சுபைதா அம்மா கொட்டகை வாசலில் அடுத்த கோழியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்டிலிருந்தே "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். குரல் பாதியில் உடைந்து, ஏதோ பறவை கத்தியதுபோல வந்தது.

தனபால் கையை எடுத்தார். "இன்னா சார் இது, காலைல கொல்லுன்ற, மத்தியானம் கொல்லாதன்ற? கோழிக்கு இன்னா பதில் சொல்றது?"

"அம்மா" என்றேன் மூச்சு வாங்க, "எட்டு வாரம் என்று சொன்னீர்களே, எதிலிருந்து எண்ணினீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அடை வச்ச நாள்லேந்துதான். வேற எதுலேந்து எண்ணுவாங்க?"

"பொரித்த நாளிலிருந்து."

"முட்டைக்குள்ள கீறப்போ அதுக்கு உசுரு இல்லியா சார்?"

நான் விரல்விட்டு எட்டிலிருந்து மூன்றைக் கழித்துக் காட்டினேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்கா" என்றார் தனபால். "சிறுசா கீதேன்னு சொன்னனா இல்லியா? நீதான் டாக்டரு போன்ல சரின்ட்டாருன்ன. டாக்டரே சொல்ட்டா நான் யாரு?"

"அந்தக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணில் விடும் மருந்து விட்டீர்களா?"

"எங்க சார் உட்றது? அப்போ மழை. ரோடே தெர்ல. வண்டி வர்ல. அந்த செட்டுக்கு அது போட்லியே."

ஆக, சாது மருந்தின் முன்பாதுகாப்பே இல்லாத ஐந்து வாரக் குஞ்சுகளுக்கு, பாதி அடக்கிய வைரஸை என் அனுமதியோடு ஏற்றியிருக்கிறார்கள். அதே வைரஸ், அதே நான்கு. தாய்க்கோழியின் உடம்பில் ஏற்றினால் காவல்காரன், அந்தக் குஞ்சின் உடம்பில் கொலைகாரன். மேற்புரதத்தின் எழுத்து பாதிக் கதையைத்தான் சொல்லும், மீதியைக் கோழி சொல்லும் என்பதைப் புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். அடிக்கோடுகள்கூட இரண்டு.

நான் தயாரித்து வந்த மூன்று பேச்சுகளில் முதலாவதைத் தொடங்கினேன். "ஆய்வகத்தில் மறுபடியும்..." என்றதும் அவர் கையிலிருந்த கோழி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கோழி பார்த்ததால் திருந்தினேன் என்று சொல்ல மாட்டேன், கோழிகள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கும். ஆனால் அந்த வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை.

"தப்பு என்னுடையது அம்மா" என்றேன். "வயதைச் சரியாகக் கேட்காமல் ஊசி போடச் சொன்னதும் நான்தான். ஊசி வைரஸைப் பார்த்துவிட்டு வெளி வைரஸ் என்று சொன்னதும் நான்தான். தாய்க்கோழிகளுக்கு நோய் இல்லை."

"இல்லியா?"

"இல்லை. வராது. முன்பே ஊசி போட்டவை அவை."

அவர் கையிலிருந்ததைக் கீழே விட்டார். அது உதறிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடியது. தனபாலும் தன் கையில் இருந்ததை விட்டார். பிறகு மூவரும் குழியைப் பார்த்தோம்.

"குஞ்சுங்க எப்டியும் சாவுதே, கஷ்டமானத மொதல்ல முடிச்சுருவோம்னு தாய்ங்கள எடுத்தேன்" என்றார் சுபைதா அம்மா. "போனை உள்ளயே வச்சுட்டேன். யார்னா கூப்ட்டு இன்னா ஆச்சுன்னு கேட்டா என்னால பேச முடியாதுன்னு." சுண்ணாம்பு மூட்டையின் வாயைச் சுருட்டிவிட்டுச் சொன்னார். "அறுக்கறப்ப சொல்ற பிஸ்மிய பொதைக்கிற கோழிக்கு சொல்லலாமா கூடாதான்னு தெர்ல சார். சொல்லித்தான் குடுத்தேன்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். குஞ்சுகளில் இன்னும் ஒன்பது செத்தன. ஆறு, கால் விந்தி விந்தி நடந்தன. மற்றவை தேறின. மறுநாள் நான் நான்கு காரணங்களோடு ராஜினாமாக் கடிதம் எழுதித் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "எழுத்து ரொம்ப அழகா இருக்குதுங்க சார். இதே கையால படிவத்தையும் திருத்திப்போடுங்க" என்றார். நீங்கள் நிரப்பும் படிவத்தில் 'வயது' என்பதற்குப் பக்கத்தில் 'எந்த நாளிலிருந்து?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே 'இதே பண்ணையில் நோய் வராத கோழிகள் எவை?' என்று இன்னொன்று. இரண்டாவது கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விடாதீர்கள். செத்ததை எல்லோரும் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். சாகாததை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். சில சமயம் கேட்காமலே சொல்வார்கள், அப்போது வசனம் பேசாமல் இருங்கள்.

அன்று நான் கிளம்பும்போது சுபைதா அம்மா வழியை மறித்தார்.

"எழுதிக் குடுங்க சார்."

"எதை?"

"இப்ப சொன்னத. காலைல வாயாலதான் சொன்னீங்க, நான் குழி வெட்டினேன். இப்பவும் வாயாலதான் சொல்றீங்க. நாளிக்கு அக்கம்பக்கத்துல எவனாச்சும் வந்து உன் கோழிக்கு நோய்னா நான் இன்னாத்தக் காட்றது?"

நியாயம். கையில் இருந்தது என் அறிக்கை ஒன்றுதான். அதைத் திருப்பி, தனபாலின் ஐஸ் பெட்டியின்மேல் வைத்து எழுதினேன். எழுதுவதற்கு முன் குழியோரம் போய் எண்ணினேன். இரண்டு முறை. பிறகு, 'இப்பண்ணையின் தாய்க்கோழிகளுக்கு நோய் இல்லை. எனது தவறான ஆலோசனையால் நோயற்ற பதினொரு தாய்க்கோழிகள் கொல்லப்பட்டன' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார்.

"பன்னெண்டு சார்."

"நான் எண்ணினேன் அம்மா. இரண்டு முறை."

"கண்ணுக்குத் தெரியறத எண்ணீங்க. மொதல்ல போனது அடியில கீது, மேல மண்ணு சரிஞ்சிருச்சு. ஒவ்வொண்ணையும் என் கையால தூக்கிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

தாளை வாங்கிப் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.